தேற்ற ஏகாரமும் தேற்றமும்

புலம்பெயர் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு சிறு செய்யுள் ஆண்டு தவறாமல் சுற்றி வருகிறது. போதையனார் என்ற பெயர் மேலே இருக்கும். பின்னால் ஒரு கோபுரமோ ஓலைச்சுவடியோ. பித்தாகரஸுக்கு முன்பே, வர்க்கமூலத்தின் துணை இல்லாமலே, தமிழன் கண்ட தேற்றம் இது என்ற பெருமிதம் கீழே. செய்யுள் சொல்லும் வழி எளிது. செங்கோண முக்கோணத்தின் நீளத்தை எட்டுக் கூறாக்கு. அதில் ஒரு கூறைத் தள்ளு. மிஞ்சியதோடு உயரத்தில் பாதியைச் சேர். கிடைப்பது கர்ணம். நீளம் 4, உயரம் 3 என்றால் மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. நீளம் 12, உயரம் 5 என்றால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. இரண்டும் சரி. பகிர்வு இந்த இரண்டு எடுத்துக்காட்டுகளோடு நின்றுவிடும்.

நானும் இதைப் பகிர்ந்தவன்தான். டார்ம்ஸ்டாட்டில் ஏழாம் வகுப்பில் படிக்கும் என் மகளிடமும் காட்டினேன். அவள் கட்டம் போட்ட நோட்டை எடுத்து, 8 செ.மீ. பக்கமுள்ள ஒரு சதுரம் வரைந்தாள். எட்டால் வகுக்கச் சுலபம் என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. செய்யுளின்படி எட்டில் ஒன்று போக ஏழு, அதோடு நான்கு, ஆகப் பதினொன்று. மூலைக்கு மூலை கோடு இழுத்து, கவராயத்தை அந்த அகலத்துக்கு விரித்து, அளவுகோலில் வைத்துப் பார்த்தாள். 11.3. இன்னொரு முறை பார்த்தாள். “அப்பா, ஷ்டிம்ட் நிஷ்ட்” என்றாள். சரியாக வரவில்லை. பிறகு தமிழில் கேட்டாள்: “அப்ப இது பொய்யா?”

என்னிடம் அப்போது பதில் இல்லை. தோராயக் கணக்கு, அந்தக் காலத்துக்கு இது பெரிய விஷயம் என்று ஏதோ சொல்லி மழுப்பினேன். மூன்று மில்லிமீட்டர் அவளுக்குப் பெரிய விஷயமாக இருந்திருக்காது. அதைச் சொன்னவிதம்தான் உறுத்தியிருக்கும். ஒன்றைப் பெருமையாக மட்டும் கையில் கொடுத்தால், அதில் ஒரு கீறல் தெரிந்ததும் பிள்ளைகள் முழுவதையும் கீழே வைத்துவிடுவார்கள். அடுத்த முறை நான் குறளைப் பற்றிச் சொன்னாலும் அந்தச் சதுரம் அவள் நினைவுக்கு வரும். ஆகவே அந்தச் செய்யுளை மறுபடி வாசித்தேன், இம்முறை கவராயமும் நேர்விளிம்பும் வைத்துக்கொண்டு.

*

முதலில் அதன் சொற்கள். செய்யுள் ஒரு பக்கத்தை ஓடுகிற நீளம் என்கிறது. மற்றதைக் குன்றம் என்கிறது. பகிர்பவர்கள் இதை அடிப்பக்கம், குத்துயரம் என்று பள்ளிக்கூடத் தமிழுக்கு மாற்றிவிடுகிறார்கள். மாற்றும்போது படம் தொலைந்துவிடுகிறது. ஒன்று தரையில் ஓடுகிறது, ஒன்று அதன் முனையில் குன்றாக எழுகிறது என்றால் கர்ணம் என்பது சரிவு. நாம் வெறும் முக்கோணத்தைப் பார்த்த இடத்தில் செய்யுளுக்குள் ஒரு மேடு இருக்கிறது, அல்லது ஒரு கூரை.

அடுத்து அதன் கணக்கு. நீளத்தை மாற்றாமல் உயரத்தை மட்டும் கூட்டிக்கொண்டே போனால், கர்ணம் வளரும் விதத்தைத் தாளில் குறித்தால் ஒரு வளைகோடு வரும். செய்யுளின் வாய்பாட்டைக் குறித்தால் நேர்கோடு வரும். இப்படி ஒரே பக்கம் வளையும் கோட்டை ஒரு நேர்கோடு இரண்டு இடங்களுக்கு மேல் வெட்டாது. செய்யுளின் கோடு எங்கே வெட்டுகிறது என்று கணக்கிட்டால் இரண்டே இரண்டு விடைகள்: உயரம் நீளத்தில் நான்கில் மூன்றாக இருக்கும்போது, பன்னிரண்டில் ஐந்தாக இருக்கும்போது. பகிர்வில் வரும் அந்த இரண்டு எடுத்துக்காட்டுகளேதான். வாய்பாடு முற்றிலும் சரியாக வரும் வடிவங்கள் உலகத்தில் அவை இரண்டு மட்டுமே.

இதைக் கண்டதும் முதலில் ஏமாற்றமாக இருந்தது. பிறகு வியப்பு வந்தது. 3, 4, 5 என்பதும் 5, 12, 13 என்பதும் கயிறு பிடித்து மூலைமட்டம் பார்க்கும் எவரும் அறிந்த முக்கோணங்கள். அந்த இரண்டும் தவறாமல் வரவேண்டும், கூட்டலும் பின்னமும் மட்டுமே போதவேண்டும் என்று நிபந்தனை வைத்தால், எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும் தவிர வேறு பின்னங்கள் பொருந்தா. செய்தவர் எந்த வழியில் இதை எட்டியிருந்தாலும், கிடைத்தது தெரிந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே நூல் பிடித்து இழுத்த கோடு. வளைவை நேராக்கிக் கையில் கொடுத்த வேலை அது. கவராயம் செய்யவேண்டியதை நேர்விளிம்பை மட்டும் வைத்து எவ்வளவு நெருங்கலாமோ அவ்வளவு நெருங்கியிருக்கிறார்.

அந்த இரண்டு புள்ளிகளுக்கு இடையே என்ன நடக்கிறது என்று பார்த்தால் வியப்பு இன்னும் கூடுகிறது. அங்கே வாய்பாடு எப்போதும் சற்றுக் கூடுதலாகச் சொல்கிறது, ஒருபோதும் குறைத்துச் சொல்வதில்லை. அந்தக் கூடுதலும் 0.8 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. பத்தடி ஓடி ஆறடி எழும் கூரைக்குக் கைமரம் எவ்வளவு என்று கேட்டால் செய்யுள் பதினொன்றே முக்கால் அடி என்கிறது. உண்மையில் 11.66 அடி. ஏறத்தாழ ஓர் அங்குலம் மிச்சம். மரத்தில் ஓர் அங்குலம் கூடினால் அறுத்துவிடலாம், குறைந்தால் ஒட்டவைக்க முடியாது. அந்த இரண்டு வடிவங்களின் சரிவு சுமார் 23 பாகையும் 37 பாகையும். ஓட்டுக் கூரைக்குப் பழகிய சரிவுகள் அந்த எல்லைக்குள்தான் பெரும்பாலும் இருக்கின்றன. பட்டறையில் நின்று வாசித்தால் இது குறையுள்ள தேற்றமாகத் தெரியாது, நல்ல தொழில் விதியாகத் தெரியும்.

எல்லையைத் தாண்டினால் விதி கெடுகிறது. என் மகளின் சதுரத்தில் குன்று, ஓடும் நீளத்துக்குச் சமமாக 45 பாகையில் எழுந்து நிற்கிறது, பிழை 2.8 சதவீதம். எதிர்ப்பக்கம் போனால் வேடிக்கை. பத்தடி நீளம், ஓரடி உயரம் என்று வையுங்கள். எட்டே முக்காலும் அரையும் சேர்ந்து ஒன்பதே கால். சரிவு, தான் ஓடும் தரையைவிடக் குட்டையாகிவிட்டது. உயரம் நீளத்தில் கால்பங்குக்குக் குறைந்தால் எப்போதும் இப்படித்தான். எந்தத் தச்சரும் இதைக் கண்டு ஏமாறமாட்டார், ஏனென்றால் மரம் அவர் கண்முன் இருக்கிறது. திரையை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் நாம்தான் ஏமாறுகிறோம்.

செய்யுளின் குறை என்று ஒன்றைச் சொல்லவேண்டுமானால், அது தன் எல்லையைச் சொல்லவில்லை என்பதுதான். கணக்குச் செய்யுள்கள் எல்லாவற்றுக்கும் பொதுவான இயல்பு அது. அவை மனப்பாடத்துக்கு உரியவை. எப்போது பயன்படுத்தவேண்டும், எப்போது கூடாது என்பதைப் பக்கத்தில் இருக்கும் ஆசிரியர் வாய்மொழியாகச் சொல்வார். அரைச் சுற்றை அரை விட்டத்தால் பெருக்கினால் வட்டத்தின் பரப்பு என்ற விதியும் அந்த மரபில் உண்டு. அது முற்றிலும் சரி. பலாப்பழத்தின் காம்பருகே உள்ள முள்ளை எண்ணி உள்ளே எத்தனை சுளை என்று சொல்லும் கணக்கும் அங்கேயே உண்டு. அது சந்தைக்கான மதிப்பீடு. இரண்டும் ஒரே தொனியில், ஒரே உறுதியோடு பேசுகின்றன. செய்யுளை மட்டும் வைத்துக்கொண்டு எது எந்த வகை என்று பிரிக்கமுடியாது.

போதையனார் பெயரில் வரும் செய்யுளும் ஏகாரத்தில் முடிகிறது. அது தேற்றப் பொருளில் வரும் ஏகாரம், உறுதியைக் காட்டுவது. பழைய இலக்கணத்தில் தேற்றம் என்றால் தெளிவு, உறுதி. இன்றைய கணிதத் தமிழில் தேற்றம் என்றால் எல்லா இடத்திலும் எப்போதும் உண்மை என்று நிறுவப்பட்டது. முதலாவது சொல்பவரின் குரலில் இருக்கிறது, இரண்டாவதற்கு நிறுவல் வேண்டும். நாம் செய்த பிழை, தேற்ற ஏகாரத்தைத் தேற்றமாக எடுத்துக்கொண்டது.

*

இந்த இடத்தில் டார்ம்ஸ்டாட்டின் ஒரு பழைய மாணவரை அழைத்துவருகிறேன். கெயோர்க் கிறிஸ்டோஃப் லிஷ்டென்பெர்க் 1742-இல் நகரத்துக்கு அருகே ஓபர்-ராம்ஸ்டாட்டில் பாதிரியார் ஒருவரின் மகனாகப் பிறந்தார். படித்தது டார்ம்ஸ்டாட்டின் பெடகோக் பள்ளியில். அந்தக் கட்டடம் போரில் இடிந்து, மீளக் கட்டப்பட்டு இன்றும் நிற்கிறது. பின்னர் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பேராசிரியர். ஜெர்மன் இலக்கியத்தில் அவர் நிற்பது, கிறுக்கல் ஏடுகள் என்று பொருள்படும்படி அவரே பெயரிட்ட குறிப்பேடுகளால். ஒன்றிரண்டு வரியில் ஒரு சிந்தனையைச் சுருக்கி, அதையே சந்தேகித்து விட்டுவிடும் எழுத்து.

1786 அக்டோபர் 25 அன்று அவர் யோஹான் பெக்மான் என்ற பேராசிரியருக்கு ஒரு கடிதம் எழுதினார். தன்னிடம் அல்ஜீப்ரா படித்த ஆங்கில இளைஞர் ஒருவருக்குக் கொடுத்த கணக்கைப் பற்றியது. ஒரு தாளைப் பாதியாக மடித்தாலும், அதை மறுபடி பாதியாக்கினாலும், எத்தனை முறை மடித்தாலும் வடிவம் மாறாமல் இருக்கவேண்டும். பக்கங்களின் விகிதம் என்ன? விடை, சதுரத்தின் பக்கத்துக்கும் அதன் மூலைவிட்டத்துக்கும் உள்ள விகிதம். விடையைக் கண்டதும் மேசையில் கிடந்த சாதாரணத் தாளை அந்த அளவுக்கு வெட்டிப் பார்க்க நினைத்தார். ஆனால் தாள் ஏற்கெனவே அந்த விகிதத்தில்தான் இருந்தது. அதே தாளில்தான் கடிதத்தை எழுதுகிறேன் என்கிறார். ஓரம் வெட்டியதில் வடிவம் கொஞ்சம் பிசகியிருக்கலாம் என்று, வெட்டாத தாள் ஒன்றையும் கூடவே வைக்கிறார். பிறகு கேட்கிறார்: தாள் செய்பவர்களுக்கு இந்த வடிவத்தை யாராவது விதித்தார்களா, அல்லது வெறும் மரபாகப் பரவியதா? தற்செயலாக வந்திருக்க முடியாதே, எங்கிருந்து வந்தது?

இந்தச் சிறு கடிதத்தில் எனக்குப் பிடித்தது அதன் மூன்று அசைவுகள். கண்டுபிடித்ததைக் கையில் உள்ள பொருளோடு ஒப்பிடுகிறார். தனக்கு முன்பே பெயர் தெரியாத தாள் தொழிலாளர்கள் அதைச் செய்துவிட்டார்கள் என்பதை மகிழ்ச்சியோடு சொல்கிறார். தான் காட்டும் சான்றில் சிறு பிழை இருக்கக்கூடும் என்று கூறி, சோதித்துப் பார்க்க நல்ல சான்று ஒன்றை அனுப்புகிறார். நம் பகிர்வு இந்த மூன்றையும் செய்வதில்லை. செய்யுள் ஏகாரத்தில் முடிகிறது, கடிதம் கேள்விக்குப் போகிறது. இரண்டும் தொழில் மரபின் அறிவைப் பற்றியவை. ஒன்று அதைக் கையளிக்கிறது, மற்றது அது எங்கிருந்து வந்தது என்று தேடுகிறது. நமக்கு இரண்டும் வேண்டும். கையளிப்பதைத் தேடலாக எண்ணிக்கொள்வதுதான் சிக்கல்.

லிஷ்டென்பெர்க் சொன்ன விகிதம் பின்னர் வால்டர் போர்ஸ்ட்மானின் முயற்சியால் 1922-இல் டின் 476 என்ற ஜெர்மன் தரமாயிற்று. ஏ4 தாள் அதில் ஒன்று: 210-க்கு 297 மில்லிமீட்டர். உங்கள் அச்சுப்பொறியில் இப்போது இருக்கிறது. கனடாவிலும் அமெரிக்காவிலும் இருப்பவர்களிடம் இருக்கும் லெட்டர் தாள் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததல்ல. அதைப் பாதியாக மடித்தால் வடிவம் மாறிவிடும். ஏ4 தாள் இருப்பவர்கள் குறுக்குப் பக்கத்தை நீளப் பக்கத்தோடு சேர்த்து ஒரு மூலையை மடியுங்கள். மடிப்புக் கோடு ஒரு சதுரத்தின் மூலைவிட்டம். இன்னொரு தாளின் நீளப் பக்கத்தில் அதை வைத்துப் பாருங்கள், பொருந்தும். செய்யுளின் கணக்கில் அது 297-க்குப் பதிலாக 288.75. எட்டு மில்லிமீட்டருக்கு மேல் குறைகிறது. போதையனார் செய்யுளின் எல்லையைக் காட்ட இதைவிடச் சுருக்கமான வழி எனக்குத் தெரியவில்லை.

அதே வடிவத்தைக் கவராயத்தால் வரைவது இன்னும் அழகு. ஒரு சதுரம் போடுங்கள். ஊசியை ஒரு மூலையில் ஊன்றி, பென்சிலை எதிர்மூலைவரை விரித்து, நீட்டிய அடிக்கோட்டில் இறங்கும்வரை ஒரு வில் சுழற்றுங்கள். தாளின் நீளம் கிடைத்துவிட்டது. இரண்டின் வர்க்கமூலத்தைப் பின்னமாக எழுதி முடிக்கமுடியாது. எந்தப் பின்னத்தை எடுத்தாலும் கொஞ்சம் கூடும், அல்லது கொஞ்சம் குறையும். எண்ணால் முடிக்கமுடியாததைக் கவராயம் ஒரே சுழற்றில் முடிக்கிறது. கவராயத்துக்கு எண் தெரியாது, விகிதம் மட்டுமே தெரியும்.

*

இந்தச் சுழற்று நமக்கு அந்நியமானதல்ல. முளை அடித்துக் கயிற்றைக் கட்டிச் சுழற்றினால் கவராயம். அதே கயிற்றை இழுத்துப் பிடித்தால் நேர்விளிம்பு. வேள்விமேடை அமைப்பதற்கான சுல்ப சூத்திரங்களின் பெயரிலேயே கயிறு இருக்கிறது. போதாயனரின் சுல்ப சூத்திரம், சதுரத்தின் மூலைவிட்டத்தின்மேல் கட்டிய சதுரம் முதல் சதுரத்தைப்போல் இரண்டு மடங்கு என்கிறது. மூலைவிட்டத்துக்குப் பின்னக் கணக்கும் தருகிறது: ஒன்று, அதோடு மூன்றில் ஒன்று, அதோடு பன்னிரண்டில் ஒன்று, அதிலிருந்து 408-இல் ஒன்றைக் கழி. 1.414216 வருகிறது, ஐந்து தசம இடங்கள்வரை சரி. அந்த அளவை அது சவிசேடம் என்கிறது. கொஞ்சம் மிகுதியோடு கூடியது என்று அதற்குப் பொருள்கொள்ளலாம். எல்லையைச் சொல்லும் சொல் பெயருக்குள்ளேயே இருக்கிறது. நம் பகிர்வுகளில் சில, இந்தப் போதாயனரையும் போதையனாரையும் ஒருவராக்கிவிடுகின்றன. பெயர் ஒலி ஒத்துப்போகிறது, கணக்கு ஒத்துப்போகவில்லை. ஒன்று சதுரத்துக்கு நுட்பமாகப் பொருந்துகிறது, மற்றது சதுரத்தில்தான் தடுமாறுகிறது. நேரம் எடுத்து வரைந்து பார்த்த எவரும் இரண்டையும் குழப்பமாட்டார்.

தமிழிலும் கயிறு உண்டு. நெடுநல்வாடையில் நக்கீரர் அரண்மனை கட்டத் தொடங்குவதைச் சொல்லும்போது, நிழலைக் கொண்டு திசை குறித்து, நூலறிந்தவர்கள் நுணுக்கமாகக் கயிறிட்டு மனை வகுப்பதைச் சொல்கிறார். நூல் என்ற சொல் அங்கே ஏட்டறிவைக் குறிக்கிறது. ஆனால் கயிறு பக்கத்திலேயே கிடக்கிறது. பவணந்தியின் நன்னூல் இந்த இரண்டு பொருளையும் வெளிப்படையாகவே இணைக்கிறது. தச்சரின் நூல் மரத்தின் கோணலைக் காட்டித் தீர்ப்பதுபோல் ஏட்டின் நூல் மனத்தின் கோணலைத் தீர்க்கவேண்டும் என்பது அதன் ஒப்புமை. தச்சரின் நூல் மரத்தைப் புகழ்வதில்லை. பக்கத்தில் வைத்தால் கோணல் எங்கே என்று காட்டுகிறது, அவ்வளவுதான்.

இப்படி எழுதினால் வரக்கூடிய எதிர்ப்பு எனக்குத் தெரியும். ஐரோப்பியர் சொன்னால் ஆராய்ச்சி, நம்மவர் சொன்னால் பிழை கண்டுபிடிக்கிறாய் என்பார்கள். அவர்களுக்கு ஆல்பிரெக்ட் டியூரரின் நூலைக் காட்டுவேன். 1525-இல் வெளிவந்த அதன் தலைப்பிலேயே கவராயமும் நேர்விளிம்பும் இருக்கின்றன. ஓவியர்களுக்கு மட்டுமன்றி, பொற்கொல்லர், கல்தச்சர், தச்சர் ஆகியோருக்கும் எழுதியது. அதில் ஒழுங்கு ஐங்கோணத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று முற்றிலும் சரி. மற்றது கவராயத்தின் விரிப்பை மாற்றாமலே வரையும் பட்டறை வழி. அதில் பக்கங்கள் ஐந்தும் சமம், கோணங்கள் சமமல்ல. 108 பாகை இருக்கவேண்டிய அடிக்கோணம் சுமார் 22 நிமிடம் கூடிவிடுகிறது. கணித வரலாறுகள் இந்தப் பிழையை அளந்து எழுதியிருக்கின்றன. டியூரர் அதனால் சிறியவராகிவிடவில்லை. தொழிலாளர்களின் கணிதம் எப்படி இயங்கியது என்பதற்கு அந்த 22 நிமிடமும் சான்றாகிவிட்டது. நம் செய்யுளுக்கும் இந்த மரியாதையைத்தான் கேட்கிறேன். பிழையை அளக்காமல் வியப்பது அதை வாசிக்காமல் விடுவதற்குச் சமம்.

கேலி செய்பவர்களின் வாசிப்பும் இதே இடத்தில் தவறுகிறது. ஓர் எதிர் எடுத்துக்காட்டைப் போட்டு, எல்லாம் கட்டுக்கதை என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அவர்களும் செய்யுளைத் தேற்றமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள். போற்றுபவர்களிடமிருந்து வேறுபடுவது முடிவில் மட்டும். இரண்டு பக்கமும் குன்றம் என்ற சொல்லைப் பார்க்கவில்லை.

சில வாரம் கழித்து மகளிடம் மறுபடி பேசினேன். இம்முறை சதுரம் வேண்டாம், பத்து ஓடி ஆறு எழும் கூரையை வரை என்றேன். செ.மீ. அளவில் வரைந்தாள். அளந்ததில் 11.7-க்குச் சற்றுக் குறைவு, செய்யுளின்படி 11.75. கோட்டின் தடிமன் அளவுக்குத்தான் வித்தியாசம். “இது மட்டும் எப்படிச் சரியா வருது?” என்றாள். வேறு வேறு உயரங்களுக்கு வரைந்து பார்க்கச் சொன்னேன். கவராயத்தோடு அவள் அதைச் செய்துகொண்டிருந்தபோது செய்யுளை இன்னொரு முறை சொல்லிக் காட்டினேன். ஏகாரம் வந்ததும் தலை நிமிராமலே, “எதுவரைக்கும்?” என்று கேட்டாள்.